சப்வூஃபர் இருக்கு, ஆனா ஆழமான பேஸ் வரல: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹோம் தியேட்டர் வச்சிருக்கறவங்க யார்கிட்ட பேசினாலும் கடைசில பேச்சு சப்வூஃபர்ல (பேஸுக்குன்னே தனியா இருக்கற ஸ்பீக்கர் பெட்டி, சுருக்கமா சப்) தான் வந்து நிக்குது. "பேஸ் பத்தல", "பேஸ் இருக்கு ஆனா கொழகொழன்னு இருக்கு", "பெரிய சப் வாங்கலாமா" இந்த மூணும் தான் திரும்பத் திரும்ப வர்ற கேள்வி. எனக்குத் தெரிஞ்சதை, நானே என் ரூம்ல உருட்டி நகத்திப் பாத்து கத்துக்கிட்டதை இங்க ஒரே இடத்துல போட்டுடறேன். புதுசா எதையும் வாங்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை படிச்சிடுங்க, பாதி பேருக்கு வாங்கவே தேவை இருக்காது.

சத்தம் நல்லாத்தான் வருது, ஆனா இடி, வெடி, ஹெலிகாப்டர் எல்லாமே ஒரே மாதிரி "தொம் தொம்"னு கேக்குது. ஏன்?

நீங்க கேக்கறது பெரும்பாலும் 50லேர்ந்து 70 ஹெர்ட்ஸ் வரைக்கும் உள்ள பேஸ் மட்டும் தான். சின்ன சப் எல்லாம் அந்த இடத்துல தான் நல்லா முட்டும், அதுக்குக் கீழ போனா மூச்சு வாங்கும். அது போதாதுன்னு ரூமும் அதே ஏரியாவுல ஏதாவது ஒரு ஃப்ரீக்வென்சியை தூக்கி விட்டுடும், அப்போ எந்த சத்தம் வந்தாலும் அந்த ஒரே சுருதி தான் காதுல நிக்கும். உண்மையான ஆழமான பேஸ்ல இடி வேற மாதிரி இருக்கும், கட்டடம் சரியறது வேற மாதிரி இருக்கும், ரெண்டுக்கும் வித்தியாசம் உடம்புக்கே தெரியும். சத்தமா கேக்கறதை விட அழுத்தமா உணர்றது தான் அதிகம்.

ஆழமான பேஸ்னா எத்தனை ஹெர்ட்ஸ்?

படத்துக்குன்னா 20 வரைக்கும் போனா ரொம்ப திருப்தியா இருக்கும். பாட்டு மட்டும் கேக்கறவங்களுக்கு அவ்வளவு தேவையில்ல, பேஸ் கிட்டாரோட கனமான கம்பி 41 ஹெர்ட்ஸ், பியானோவோட கடைசி கட்டை 27.5, அதுக்குக் கீழ போகணும்னா பெரிய பைப் ஆர்கன் தான், அது 16 வரைக்கும் போகும்.

இங்க ஒரு விஷயத்தை மனசுல வச்சுக்கணும். நம்ம காது கீழ போகப் போக மந்தமாயிடும். 1000 ஹெர்ட்ஸ்ல 2, 3 டெசிபல் இருந்தாலே கேட்டுடும், 40 ஹெர்ட்ஸ்ல சுமார் 51 டெசிபல் இருந்தா தான் லேசா கேக்கவே ஆரம்பிக்கும், 20 ஹெர்ட்ஸ்ல சுமார் 78 வேணும். அதாவது 20 ஹெர்ட்ஸ்ல 70 டெசிபல் போட்டா அது இல்லாத மாதிரி தான். அதனால "என் சப் 20 ஹெர்ட்ஸ் வரைக்கும் போகும்"னு பெட்டில எழுதியிருந்தா மட்டும் பத்தாது, எவ்வளவு சத்தத்தோட போகுதுங்கறது தான் கேள்வி.

அப்போ எத்தனை வாட்ஸ் சப் வாங்கணும்?

வாட்ஸை பாக்காதீங்க. பேஸ்ங்கறது காத்தைத் தள்ளற வேலை. எவ்வளவு காத்தைத் தள்ளுது, அது தான் கணக்கு.

ஒரு 12 இன்ச் ட்ரைவரை (பெட்டிக்குள்ள கோனை ஆட்டற ஸ்பீக்கர்) எடுத்துக்குங்க, கோனோட பரப்பு சுமார் 500 சதுர சென்டிமீட்டர் இருக்கும். அது 2 சென்டிமீட்டர் முன்னாடி வந்தா 1 லிட்டர் காத்தைத் தள்ளுது. அந்த 1 லிட்டரை வச்சு 20 ஹெர்ட்ஸ்ல, சுவரே இல்லாத வெட்டவெளித் தரையில, 1 மீட்டர் தூரத்துல சுமார் 100 டெசிபல் தான் கிடைக்கும். அதே 1 லிட்டர் 40 ஹெர்ட்ஸ்ல 112 டெசிபல் குடுக்கும். ஃப்ரீக்வென்சி பாதியானா அதே சத்தத்துக்கு நாலு மடங்கு காத்து தள்ளணும், இது தான் ஆழமான பேஸ் இவ்வளவு கஷ்டமா இருக்கறதுக்குக் காரணம், வேற எந்த மாயமும் இல்ல.

சின்ன 8 இன்ச் கோனுக்கு ஆயிரம் வாட்ஸ் குடுத்தாலும் அது ஓரளவுக்கு மேல ஓட முடியாது, முட்டிக்கும், இல்ல உள்ள இருக்கற லிமிட்டர் வந்து அமுக்கிடும். வாட்ஸை இரட்டிப்பாக்கினா கூட 3 டெசிபல் தான் ஏறும். பெரிய கோன், இல்லன்னா ரெண்டு கோன், அது தான் வழி.

வாங்கறப்போ சிடிஏ-2010 முறையில அளந்த நம்பர் கிடைக்குதான்னு தேடுங்க. ஒவ்வொரு ஃப்ரீக்வென்சிலயும் டிஸ்டார்ஷன் (சத்தம் சிதையறது) ஒரு அளவைத் தாண்டறதுக்குள்ள எவ்வளவு சத்தம் வந்துச்சுன்னு அதுல இருக்கும். 20, 25, 31.5 இந்த மூணு வரியை மட்டும் பாருங்க போதும். ஒண்ணு கவனிக்கணும், சிலர் 1 மீட்டர் பீக்னு (உச்ச அளவு) போடுவாங்க, சிலர் 2 மீட்டர் ஆர்எம்எஸ்னு (ஒரு வகை சராசரி) போடுவாங்க, ரெண்டுக்கும் நடுவுல 9 டெசிபல் வித்தியாசம், ஒண்ணோட ஒண்ணை அப்படியே ஒப்பிட்டு ஏமாந்துடாதீங்க.

"சுத்தமான" பேஸ்னு சொல்றாங்களே, பேஸ்ல என்ன சுத்தம்?

நல்ல கேள்வி, நிறைய பேர் இதைத் தான் விட்டுடறாங்க. சப் திணறும்போது கேட்ட ஃப்ரீக்வென்சியோட ரெண்டு மடங்கு, மூணு மடங்கு ஃப்ரீக்வென்சியையும் சேத்துப் போடும். 20 ஹெர்ட்ஸ்ல 90 டெசிபல் வருதுன்னு வைங்க, அதுல 10 சதவீதம் டிஸ்டார்ஷன் 40 ஹெர்ட்ஸ்ல விழுந்தா அது 70 டெசிபல். பேப்பர்ல பாத்தா 20 டெசிபல் கம்மி, ஒண்ணுமில்லன்னு தோணும். ஆனா காது 40ஐ இன்னும் கூர்மையா கேக்கும்ங்கறதால ரெண்டும் தனித்தனியா கேட்டா கிட்டத்தட்ட ஒரே சத்தம்! 20ஐக் கேக்கறதா நினைச்சுக்கிட்டு அதோட குப்பையைத் தான் பாதிக்குப் பாதி கேட்டுட்டு இருப்பீங்க.

அதனால தான் சப்பை அதோட எல்லைக்கு ஓட்டவே கூடாதுன்னு சொல்றேன். பாதி தெம்புல ஓடற பெரிய சப்போட சத்தம் முழு மூச்சுல கத்தற சின்ன சப் மாதிரி இருக்காது, அமைதியா வரும், திடீர்னு சோபா அதிரும், எங்கேர்ந்து வந்துச்சுன்னே தெரியாது.

சீல்டு நல்லதா, போர்ட்டட் நல்லதா?

சீல்டுன்னா முழுசா மூடின பெட்டி, போர்ட்டட்னா காத்து போய் வர போர்ட்னு ஒரு ஓட்டை உள்ள பெட்டி. இடம் இருந்து, படம் தான் அதிகம் பாக்கறீங்கன்னா போர்ட்டட். ஒரே அளவு ட்ரைவருக்கு ட்யூனிங் ஃப்ரீக்வென்சி (போர்ட் நல்லா வேலை செய்ற ஃப்ரீக்வென்சி) பக்கத்துல நல்ல தெம்பு குடுக்கும். ஆனா அந்த ட்யூனிங்குக்குக் கீழ ஆக்டேவுக்கு (ஃப்ரீக்வென்சி பாதியாகற ஒவ்வொரு தடவைக்கும்) 24 டெசிபல்னு தொபுக்கடீர்னு விழும், கோனையும் அங்க பிடிச்சு வைக்க ஆள் இருக்காது, அதனால உள்ள ஒரு ஃபில்டர் கண்டிப்பா இருக்கணும். போர்ட் சின்னதா இருந்தா சத்தமான சீன்ல "புஸ் புஸ்"னு காத்து சத்தம் கேக்கும், அதையும் கவனிங்க.

சீல்டு சின்னதா இருக்கும், ஆக்டேவுக்கு 12 டெசிபல்னு மெதுவா இறங்கும். கதவு மூடின சின்ன ரூம்னா, ரூமோட மிகக் கீழ உள்ள மோடுக்கும் (ரூம் அளவைப் பொறுத்து தானா எழும்பற ஃப்ரீக்வென்சி) கீழ ரூமே பேஸை ஏத்திக் குடுக்கும், சீல்டோட இறக்கத்தை அது ஓரளவு ஈடு கட்டிடும். திறந்த பெரிய ஹால்ல அந்த உதவி கிடைக்காது.

சப்பை எங்க வைக்கணும்?

இந்தக் கேள்விக்குத் தான் நான் அதிக நேரம் எடுத்துக்கப் போறேன், ஏன்னா நூத்துக்கு அம்பது பிரச்சனை இங்க தான் இருக்கு.

பேஸோட அலை ரொம்ப நீளம். 20 ஹெர்ட்ஸ்னா 17 மீட்டர், 80 ஹெர்ட்ஸ்னா கூட 4.3 மீட்டர். ரூமை விடப் பெருசு, இல்லன்னா ரூம் அளவு. அதனால சுவத்துல முட்டித் திரும்பி வந்து, வர்ற அலையோட சேர்ந்து, சில இடத்துல ரெண்டு மடங்காகும், சில இடத்துல ஒண்ணையொண்ணு அழிச்சுடும். அழியற இடத்துக்குப் பேரு நல் (null), ஏறற இடம் பீக். கணக்கு சுலபம், 343ஐ ரூம் நீளத்தோட ரெண்டு மடங்கால வகுத்தா முதல் மோட் வரும்.

என் ரூம் நீளம் 5.4 மீட்டர். 343ஐ 10.8ஆல வகுத்தா 31.8 ஹெர்ட்ஸ். சோபாவை அழகா நடு ரூம்ல, டிவிக்கு எதிர்ல போட்டு வச்சிருந்தேன், சப் டிவி பக்கத்துல. என்னடா இவ்வளவு பெரிய சப் வாங்கியும் கப்பல் இன்ஜின் உறுமற சீன்ல ஒண்ணுமே இல்லையேன்னு ஆறு மாசம் மண்டையைக் குடைஞ்சுக்கிட்டேன், கெயினை (சப்போட வால்யூம் திருகு) ஏத்தி ஏத்திப் பாத்தேன், அப்போ 60 ஹெர்ட்ஸ் தான் ஏறிக்கிட்டுப் போச்சு. ஒரு நாள் 32 ஹெர்ட்ஸ் டோனை ஓட விட்டுட்டு எழுந்து தண்ணி குடிக்கப் போனேன். பின் சுவர்கிட்ட போனதும் மார்ல கை வச்சு அமுக்கற மாதிரி இருந்துச்சு. திரும்ப வந்து சோபால உக்காந்தா, காணோம். ரூமோட சரி பாதியில, அந்த மோடோட நல்லுக்குள்ளயே நான் உக்காந்திருந்தேன், அவ்வளவு தான் விஷயம். சோபாவை 60 சென்டிமீட்டர் பின்னாடி தள்ளினேன், கப்பல் வந்துடுச்சு. ஒரு பைசா செலவில்ல.

அதனால முதல்ல உக்கார்ற இடத்தைப் பாருங்க, நீளத்துல நட்டநடு வேண்டாம், பின் சுவத்தை ஒட்டியும் வேண்டாம், அங்க எல்லாமே பொங்கி வழியும்.

அப்புறம் சப்பைத் தேடற பழைய வழி ஒண்ணு இருக்கு, இன்னிக்கும் அதை மிஞ்சினது இல்ல. சப்பைத் தூக்கி நீங்க உக்கார்ற இடத்துலயே வைங்க. பேஸ் நல்லா மேல கீழ போற ஒரு பாட்டையோ ஸ்வீப் டோனையோ (கீழேர்ந்து மேல வரைக்கும் ஃப்ரீக்வென்சி ஏறிட்டே போற சத்தம்) ஓட விடுங்க. நீங்க தரையில முட்டி போட்டு சுவர் ஓரமா சுத்தி வாங்க, காது சப் உயரத்துல இருக்கணும். எந்த இடத்துல எல்லா சுருதியும் சமமா கேக்குதோ அங்க சப்பை வைங்க. ரொம்ப சத்தமா கேக்கற இடத்தைத் தேடாதீங்க, சமமா கேக்கற இடத்தைத் தேடுங்க. வீட்ல இருக்கறவங்க ஒரு மாதிரி பாப்பாங்க, பரவால்ல.

மூலையில வச்சா சத்தம் அதிகம் வரும், ஏன்னா எல்லா மோடையும் தட்டி எழுப்பும். சப் சின்னதா இருந்தா அந்த சத்தம் உதவும், சமமா வருமான்னு கேட்டா அது ரூமைப் பொறுத்தது.

ஒரு பெரிய சப்பா, ரெண்டு சின்ன சப்பா?

ரெண்டும் 20 வரைக்கும் தெம்பா போற சப்பா இருந்தா, ரெண்டு. யோசிக்கவே வேண்டாம்.

சத்தத்துக்காக மட்டும் சொல்லல. ஹர்மன்ங்கற ஆடியோ கம்பெனில டாட் வெல்டி 2002ல இதையே ஆராய்ச்சியா பண்ணி, எத்தனை சப், எங்க வச்சா ரூம் முழுக்க பேஸ் ஒரே மாதிரி கிடைக்கும்னு அலசினார். செவ்வக ரூம்ல எதிரெதிர் சுவர் ரெண்டோட நடுவுல ஒண்ணொண்ணு வச்சாலே பெரிய முன்னேற்றம், நாலு சுவரோட நடுவுல நாலு, இல்ல நாலு மூலையில நாலு வச்சா இன்னும் நல்லது, அதுக்கு மேல கூட்டினாலும் பெருசா பலன் இல்ல. எதிரெதிர்ல இருக்கற சப் ரெண்டும் சேர்ந்து அந்தத் திசையோட முதல் மோடைக் கிளப்ப விடாம பாத்துக்கும், அதனால ஒரு சீட்ல உக்கார்றவருக்கும் பக்கத்து சீட்டுக்காரருக்கும் கிட்டத்தட்ட ஒரே பேஸ்.

இன்னொரு லாபம், ரெண்டும் பக்கத்துல பக்கத்துல இருந்தா 6 டெசிபல் கூடும், அதாவது அதே சத்தத்துக்கு ஒவ்வொரு கோனும் பாதி தூரம் ஓடினா போதும், டிஸ்டார்ஷன் குறையும். முடிஞ்சா ரெண்டும் ஒரே மாடலா இருக்கட்டும். பழைய சின்ன சப்போட புது பெரிய சப்பைச் சேர்த்தா சின்னது தான் முதல்ல திணறும், நீங்க பெருசையும் அது அளவுக்கு அடக்கி வைக்க வேண்டி வரும்.

கிராஸ்ஓவர் எவ்வளவு வைக்கணும்?

கிராஸ்ஓவர்னா எந்த ஃப்ரீக்வென்சிக்குக் கீழ சப்புக்கும் மேல ஸ்பீக்கருக்கும் பிரிச்சு அனுப்பறதுங்கற எல்லை. 80 ஹெர்ட்ஸ்ல ஆரம்பிங்க, டிஹெச்எக்ஸ்ங்கற தியேட்டர் ஒலித் தரத்தோட காலத்துலேர்ந்து வர்ற நம்பர், பெரும்பாலான ரூமுக்கு சரியா வரும். ரொம்ப சின்ன சேட்டிலைட் ஸ்பீக்கர்னா 100, 120 வரைக்கும் போகலாம், அதுக்கு மேல போனா சப் எங்க இருக்குன்னு காது காட்டிக் குடுத்துடும்.

இதோட சேர்த்து மூணு விஷயம். ரிசீவர்ல ஸ்பீக்கர் எல்லாத்தையும் ஸ்மால்னு வைங்க, டவர் ஸ்பீக்கரா இருந்தாலும் சரி, லார்ஜ்னு இருந்தா அந்த பேஸ் சப்புக்கே வராது. சப் பின்னாடி ஒரு லோ பாஸ் திருகு (ஒரு அளவுக்கு மேல உள்ளதை வெட்டறது) இருக்கும், அதை முழுசா மேல திருகிடுங்க, இல்ல எல்எஃப்ஈன்னு (படத்துல பேஸுக்குன்னே தனியா இருக்கற சேனல்) இருந்தா அதுல போடுங்க, ரிசீவர் ஒரு தடவை வெட்டினதை சப் இன்னொரு தடவை வெட்டக் கூடாது. எல்எஃப்ஈ சேனலுக்கான லோ பாஸ்னு ரிசீவர் மெனுல தனியா இருக்கறது 120லயே இருக்கட்டும், அந்த சேனல் 120 வரைக்கும் இருக்கு.

ஆட்டோ கேலிப்ரேஷன் ஓட்டினதுக்கப்புறம் பேஸ் கம்மியாயிடுச்சு, என்ன பண்றது?

எல்லாருக்கும் நடக்கறது தான். ரிசீவர் மைக் வச்சு ரூமை தானே அளந்து சரி பண்றது தான் ஆட்டோ கேலிப்ரேஷன், பொங்கிட்டு இருந்த பீக்கை அது வெட்டிடுச்சு, பழகின காதுக்கு அது குறை மாதிரி தெரியும். ரெண்டு நாள் அப்படியே கேளுங்க. அதுக்கப்புறமும் பத்தலன்னா சப் லெவலை மட்டும் 3லேர்ந்து 6 டெசிபல் வரைக்கும் ஏத்துங்க, இதுல தப்பே இல்ல, நாம வீட்ல தியேட்டர் அளவு சத்தத்துல பாக்கறதில்ல, சத்தம் குறைஞ்சா காது முதல்ல பேஸைத் தான் விடும். டைனமிக் ஈக்யூ மாதிரி வசதி இருந்தா அதுவும் இந்தக் காரணத்துக்குத் தான் இருக்கு, போட்டுப் பாருங்க. நைட் மோட், டைனமிக் ரேஞ்ச் கம்ப்ரஷன் எல்லாம் ஆஃப்ல இருக்கான்னு பாருங்க, அது ஆன்ல இருந்தா வெடி எல்லாம் பட்டாசு மாதிரி தான் வரும்.

கேலிப்ரேஷன் முடிஞ்சதும் ரிசீவர்ல சப் ட்ரிம் (சப்புக்கு அது வச்சிருக்கற லெவல்) எவ்வளவு காட்டுதுன்னு பாருங்க. மைனஸ் 12ல போய் இடிச்சு நிக்குதுன்னா சப்போட கெயின் அதிகம், கொஞ்சம் குறைச்சுட்டு திரும்ப ஓட்டுங்க. நல்லா பிளஸ்ல இருந்தா சப்ல கெயினை ஏத்திட்டு திரும்ப ஓட்டுங்க, ரிசீவர் அவுட்புட்டே கிளிப் ஆக (எல்லை தாண்டி சிதைய) விடக்கூடாது. சப் தூரம் டேப் வச்சு அளந்ததை விட அதிகமா காட்டினா அதைத் திருத்தாதீங்க, சப்புக்குள்ள இருக்கற டிலேயையும் சேத்து அது கணக்குப் போட்டிருக்கு.

ஃபேஸ் திருகு எதுக்கு?

கிராஸ்ஓவர் இடத்துல சப்பும் ஸ்பீக்கரும் சேர்ந்து தள்ளணும், ஒண்ணு தள்ளும்போது இன்னொண்ணு இழுத்தா 80 ஹெர்ட்ஸ்ல பள்ளம் விழும், பேஸ்ல அந்த "அடி" இருக்காது. 80 ஹெர்ட்ஸ் டோனை ஸ்பீக்கரும் சப்பும் சேர்ந்து வாசிக்கட்டும், நீங்க சீட்ல உக்காந்துக்குங்க, ஒருத்தரை விட்டு திருகை மெதுவா சுத்தச் சொல்லுங்க, எங்க சத்தம் அதிகமோ அங்க விட்டுடுங்க. "என் சப் ஸ்லோவா இருக்கு"ன்னு சொல்றவங்கள்ல நிறைய பேரோட பிரச்சனை இது தான், இல்லன்னா ரூம் அந்த நோட்டை இழுத்துப் பிடிச்சு வச்சிருக்கும். கோன் கனமா இருக்கறதால ஸ்லோங்கறது உண்மையில்ல.

ஈக்யூ போட்டு எல்லாத்தையும் சரி பண்ணிடலாமா? போன் ஆப் வச்சு அளக்கலாமா?

ஈக்யூன்னா ஒவ்வொரு ஃப்ரீக்வென்சியையும் தனித்தனியா ஏத்தி இறக்கற வசதி. அதுல பீக்கை வெட்டலாம், நல்லா வேலை செய்யும். நல்லை நிரப்ப முடியாது. 15 டெசிபல் பள்ளத்தை ஈக்யூல ஏத்தி நிரப்பணும்னா ஆம்ப் 32 மடங்கு பவர் குடுக்கணும், அப்படிக் குடுத்தாலும் போற அலையும் திரும்பி வர்ற அலையும் சேர்ந்தே பெருசாகி மறுபடி அழிச்சுக்கும். சப் மட்டும் தான் சாகும். நல்லுக்கு மருந்து இடம் மாத்தறது, இல்ல ரெண்டாவது சப்.

போன் மைக் கீழ் பேஸை ஒழுங்கா எடுக்காது. அதோட ஆப் ஏ வெயிட்டிங்ல (பேஸைக் குறைச்சு எடுத்துக்கற அளவு முறை) இருந்தா 20 ஹெர்ட்ஸை 50 டெசிபல் குறைச்சுக் காட்டும், அதை நம்பி கெயினை ஏத்தினீங்கன்னா போச்சு. கேலிப்ரேஷன் ஃபைலோட வர்ற யூஎஸ்பி மைக் ஒண்ணு வாங்குங்க, ரூம் ஈக்யூ விசார்ட் சாஃப்ட்வேர் இலவசம், 15 ஹெர்ட்ஸ்லேர்ந்து 200 வரைக்கும் ஒரு ஸ்வீப் எடுத்தா உங்க ரூம் என்ன பண்ணுதுன்னு கோடு போட்டுக் காட்டிடும். என்னைக் கேட்டா அடுத்த சப்புக்கு முன்னாடி இந்த மைக் தான்.

சுவத்துல ஃபோம் ஒட்டினா பேஸ் சரியாகுமா?

ஆகாது. 40 ஹெர்ட்ஸோட கால் அலையே 2.1 மீட்டர், 5 சென்டிமீட்டர் ஃபோமை அது கண்டுக்கவே கண்டுக்காது. குரல் தெளிவுக்கு வேணா உதவும்.

சத்தமா வச்சா எங்கேயோ கடகடன்னு அதிருது, சப் போயிடுச்சா?

பெரும்பாலும் சப் இல்ல. ஜன்னல் கண்ணாடி, அலமாரிக் கதவு, மாட்டின படம், டிவிக்குப் பின்னாடி சுவத்துல படற ஒயர், இதுல ஒண்ணா இருக்கும். 20லேர்ந்து 80 வரைக்கும் மெதுவான ஸ்வீப் ஓட விட்டு, சத்தம் வர்ற இடத்துல ஒவ்வொண்ணா கையால அமுக்கிப் பாருங்க. கையை வச்சதும் நின்னா அது தான். கொஞ்சம் ஃபெல்ட் துணியோ ரப்பர் பொட்டோ போதும்.

ஒண்ணும் ஓடாதப்போ கூட "ம்ம்ம்"னு ஒரு சத்தம்?

பெரும்பாலும் கிரவுண்ட் லூப், அதாவது சாதனங்களோட எர்த் ஒண்ணுக்கு மேல வழில இணைஞ்சு வர்ற இரைச்சல். சப்பையும் ரிசீவரையும் ஒரே பிளக் போர்டுல போடுங்க, கேபிள் டிவி ஒயர் ரிசீவர்ல வருதுன்னா அதைக் கழட்டிப் பாருங்க, அதோட வழியா வர்றதும் உண்டு. எர்த் பின்னை உடைக்கறது, டேப் ஒட்டறதுன்னு யார் சொன்னாலும் செய்யாதீங்க, உயிர் சமாச்சாரம்.

பக்கத்து வீட்டுக்குப் போகாம பேஸ் கேக்க முடியுமா?

முழுசா முடியாது, நேராவே சொல்லிடறேன். சப்புக்குக் கீழ வைக்கற ஐசொலேஷன் பேட் தரை வழியா போற அதிர்வைக் கொஞ்சம் குறைக்கும், ஆனா காத்து வழியா போற 30 ஹெர்ட்ஸ் சுவரையே ஆட்டிட்டுப் போகும், அதுக்கு பேட் என்ன பண்ணும்.

உருப்படியான வழி, சப்பை உக்கார்ற இடத்துக்கு ரொம்பப் பக்கத்துல, சோபாவுக்கு நேர் பின்னாடி வைக்கறது. உங்களுக்குக் கிட்ட இருக்கறதால லெவலை நல்லா குறைச்சுக்கலாம், சுவத்துக்குப் போறதும் அந்த அளவு குறையும். சோபா அடியில மாட்டற டாக்டைல் டிரான்ஸ்டியூசர்னு ஒண்ணு இருக்கு, அது காத்தைத் தள்ளாது, சட்டத்தை மட்டும் ஆட்டும், 40க்குக் கீழ மட்டும் அதுக்கு அனுப்பிட்டு சப்பைக் குறைச்சு வச்சா ராத்திரி பதினோரு மணிக்கும் இடி இடுப்புல தெரியும், பக்கத்து வீட்டுக் குழந்தை தூங்கிட்டே இருக்கும். சோபா கால் நாலுக்கும் அடியில ரப்பர் வைக்க மறந்துடாதீங்க, இல்லன்னா கீழ் வீட்டுக்காரர் மேல வந்துடுவார்.